மலைக்கு அந்தப்பக்கத்து வகுப்பு

ஓப்பல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கென்டக்கி மலைக்குள் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் வெர்னனிடமே பள்ளிப்படிப்பை முடித்தவள் என்று கல்யாணத்துக்கு முன்பு அளந்துவிட்டிருந்தாள். அவனோ தன் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மழை கொட்டிய கதையை வருஷம் தவறாமல் சொல்லி அலட்டிக்கொள்வான். வாயை மூடிக்கொண்டு கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

நானும் ஓப்பலும் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தோம். தலைமைச் சமையல்காரி ஓய்வு பெறப்போகிறாள் என்றதும் ஓப்பலுக்கு அந்த இடத்தின் மேல் ஆசை. பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீன்ஸ் வேகவைக்கச் சான்றிதழ் எதற்கு? ஓப்பல் கோபப்படவில்லை. பெரியவர்களுக்கு அதற்குச் சமமான தேர்வு உண்டென்று கேள்விப்பட்டு, வகுப்பு தேடக் கிளம்பிவிட்டாள்.

உள்ளூர் நூலகத்திலேயே வகுப்பு நடந்தது. அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து, பக்கத்து மாவட்டத்துக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்தவள் முகமெல்லாம் பூரிப்பு.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள இன்னும் ஒரு ஆள் சேரலைன்னா வகுப்பையே மூடிருவாங்களாம். அந்த ஒரு ஆள் நான்தான்டீ," என்றாள்.

வகுப்பு நடக்கும் செவ்வாய்க்கிழமைதான் வெர்னன் பவுலிங் ஆடப் போகும் நாள். தோதாகப் போயிற்று. தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறினாள். மலைப்பாதை முழுக்க வாய் ஓயவில்லை. புதுப் பென்சில்களைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அவள் குஷியைப் பார்த்து எனக்கே மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் போலிருந்தது.

தீயணைப்பு நிலையத்து மாடியில் வகுப்பு. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் வெர்னன்.

சட்டென்று திரும்பிப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினாள். வெட்கம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். நானாக இருந்தால் அந்தப் பென்சிலாலேயே அவனைக் குத்தியிருப்பேன்.

வெர்னன் பின்னாலேயே ஓடிவந்தான். "போகாத ஓப்பல். நீ போயிட்டா எனக்கும் வகுப்பு இல்ல."

அவள் நின்றாள். "பட்டமளிப்பு அன்னைக்கு மழை பெஞ்சுதா, அதுவும் புளுகா?"

"பெஞ்சுது. வேலிக்கு வெளிய நின்னு நனைஞ்சேன்."

ஓப்பல் படியேறி உள்ளே போனாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பென்சில் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.