கும்மியடித்த டெமோ கிளாஸ்

ஒத்தக்கடைப் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு எனக்கு டெமோ கிளாஸ். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் நடத்தி, "சொல்லி அனுப்புறோம் மேடம்" என்ற பதிலோடு வீடு வந்தவள் நான். இந்த வேலை எனக்குக் கண்டிப்பாக வேண்டும். வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ஆகாது. என்னோடு இருப்பவர்களுக்கும் ஆகாது.

கொடுத்த பாடம் இது: ஆங்கிலத்தில் சில சொற்கள் பெயர்ச்சொல்லாக வந்தால் முன்பகுதியை அழுத்த வேண்டும், வினைச்சொல்லாக வந்தால் பின்பகுதியை. பதிவு என்றால் 'ரெக்கார்டு', பதிவு செய் என்றால் 'ரிக்கார்ட்'. நமக்கு இந்த வம்பே கிடையாது. படியில் ஏறினாலும் பாடம் படித்தாலும் ஒரே படிதான். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இரண்டு பள்ளியில் பார்த்துவிட்டேனே!

டெமோவுக்கு முந்தின நாள் உட்கார்ந்து யோசிக்கலாம் என்றால், கீழக்குயில்குடிப் பக்கம் கணவரின் ஊரில் முளைப்பாரி. "மருமக வராம எப்படி?" என்றார் மாமியார். கடுகடுவென்றுதான் போனேன். கும்மி வட்டத்தில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பக்கத்தில் ஆடிய நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மதினி, எம்புட்டு நேரமாத் தப்பாத் தட்டுறீங்க? மொத அடிக்குச் சும்மா வாங்க, ரெண்டாவது அடிக்குத் தட்டுங்க."

தட்டினேன். பிறகு வேண்டுமென்றே முதல் அடிக்குத் தட்டிப் பார்த்தேன். கால் வைப்பது அதேதான், ஆட்டம் வேறாகிவிட்டது. அட, என் பாடமும் இதுதானே! அதற்குப் பிறகு என்னை வட்டத்திலிருந்து வெளியே இழுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொன்னேன். பிரின்சிபால் அம்மா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயரா, முதல் அடிக்குத் தட்டு. செய்கிற வேலையா, இரண்டாம் அடிக்குத் தட்டு. ரெக்கார்டு, ரிக்கார்ட். ப்ரெசென்ட், ப்ரிசென்ட். பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சுற்றுத் தடுமாறி, மறு சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கும்மி முடிந்தால் என்ன செய்வது என்று இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் 'போதும்' என்றதும் அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் சாக்பீஸும் கையுமாக ஓடிவந்தார். இதுவும் போச்சு என்று பையை எடுத்தேன்.

பிரின்சிபால் அம்மா எழுந்து வந்தார். சிரிப்பை அடக்குவது நன்றாகவே தெரிந்தது.

"திங்கக்கிழமை வந்து சேந்துருங்க. குலவை மட்டும் வேணாம்."

பவ்யமாகத் தலையாட்டினேன். வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக நாத்தனாருக்குப் போன் போட்டு, வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்னேன்.

அவள் போனிலேயே குலவை போட்டாள்.