கருகிய இலையைக் கொண்டுவந்தவர்

அந்த மழைக்காலத்தில் எங்கள் சிப்ஸ் பழுப்பாக ஆரம்பித்தது. நானும் என் கணவரும் மும்பை தாராவியில் ஒரு சின்னக் கூடத்தில் உருளைக்கிழங்கு வறுத்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கடைகளுக்குப் போடுகிறவர்கள். எண்ணெயில் விழுந்ததும் வெளிர் மஞ்சளாக மிதந்து வர வேண்டிய வில்லைகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீத்தூள் நிறத்துக்குப் போயின. வாயில் போட்டால் முதலில் ஒரு இனிப்பு, பின்னாலேயே கசப்பு.

எண்ணெயை மாற்றினோம். தீயைக் குறைத்தோம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. செம்பூரில் எங்கள் பழைய கடைக்காரர், பாலக்காட்டுக்காரர், பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உருளைக்கிழங்குல சர்க்கரை உப்பேரி பண்ணியிருக்கேளா?" என்று கேட்டார். அவர் ஊரில் நேந்திரங்காயை வறுத்து வெல்லப்பாகில் புரட்டுவது அது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏளா, கெழங்குலதான் கோளாறு. வேற ஆளுட்ட வாங்கிப் பாப்போம்" என்றார் என் கணவர்.

"வேற ஆளும் இதே கெழங்கைத்தான தருவாவ? என்ன கோளாறுன்னு தெரியாம எங்க போயி வாங்குதது?"

உண்மையில் எனக்கு வியாபாரக் கவலையைவிட வேறொன்று தலைக்குள் குடைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த கிழங்குக்குத் திடீரென்று எப்படி இனிக்கத் தோன்றும்?

ஹார்பர் லைன் ரயில் ஏறி வாஷிக்குப் போனேன். வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்தச் சந்தையில் எங்களுக்கு மூட்டை போடுகிற சேட் என்னைப் பார்த்ததும் மூட்டை மேல் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். நான் கொண்டுபோன பழுப்புச் சிப்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "பாபி, இது கோல்டு ஸ்டோரேஜ் சரக்கு. ரொம்பக் குளிர்ல வெச்சா கிழங்கு தன்னோட மாவைச் சர்க்கரையா மாத்திக்கும். சப்ஜிக்குப் பரவாயில்ல. வறுத்தா கறுத்துடும்."

"அப்ப குளிர்ல வைக்காத கிழங்கு வேணும்."

"மழைக்காலத்துல புதுக் கிழங்குக்கு எங்க போவேன்? அதையெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, விளைவிக்கிறவங்களைக் கேளுங்க."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்போதே போனை எடுத்து, புனே ஜில்லாவில் உருளை பயிரிடும் விவசாயிகள் குழு ஒன்றின் செயலாளரைப் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தச் செயலாளர் கேட்டது ஒன்றுதான். "எங்க கூட்டத்துக்கு வாங்களேன். உங்க கடாயையும் கொண்டு வாங்க. எங்க கிழங்கு எண்ணெயில என்ன ஆகுதுன்னு எங்க ஆளுங்க பார்த்ததே இல்ல."

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "மீன் வாங்கணும்னா கடலுக்கா போறோம்?" ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடாயைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவர்தான் முன்னால் நடந்தார். கல்யாண் வரை ரயில், அங்கிருந்து மலையேறும் அரசு பஸ். வழியெல்லாம் மேகம் ஜன்னலுக்குள் வந்து போனது.

கூட்டம் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. ஆளுக்கொரு பையில் கிழங்கு கொண்டு வந்திருந்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. எண்ணெய் காய்ந்ததும் கூச்சம் போய்விட்டது. ஒவ்வொருவர் கிழங்காகச் சீவிப் போட்டேன். சுற்றி நின்றவர்கள் பரீட்சை முடிவு பார்ப்பதுபோலக் கடாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருடையது தங்கம் மாதிரி வந்தது. அவரை முதுகில் தட்டினார்கள். இன்னொருவர் அன்று காலையில்தான் தோண்டியிருந்தார். குளிரே படாத அதுவும் பழுப்பானது. "இது என் கிழங்கே இல்ல, மாத்திட்டீங்க" என்று அவர் சண்டைக்கு வந்ததும் கொட்டகையே சிரித்தது. முற்றுவதற்கு முன் தோண்டினாலும் கிழங்கில் சர்க்கரை அதிகம் என்று செயலாளர் விளக்கினார். அது எனக்குப் புதுச் செய்தி. வறுப்பவளுக்கு நிறம்தான் முதல் கவலை என்பது அவர்களில் பலருக்குப் புதுச் செய்தி.

இடையிடையே நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். விதைக் கிழங்கு எங்கிருந்து வருகிறது? பஞ்சாபிலிருந்து. ஏன் அவ்வளவு தூரம்? அங்கே குளிர் மாதங்களில் நோய் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைவு, அதனால் விதை சுத்தமாக இருக்கும். தனி ஆள் ஒரு லாரி விதை வாங்க முடியாது, அதனால் குழுவாக வாங்குகிறார்கள். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் போட்டு, அதில்தான் பரிசோதனைத் தோட்டமும் வானிலை பார்க்கும் கருவியும் நடக்கின்றன. இதே மாதிரிக் குழுக்கள் குஜராத்திலும் கர்நாடகத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உண்டு, எல்லோரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருக்கிறார்கள். நான் மூட்டையை அவிழ்த்துக் கிழங்கைக் கொட்டும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு சேட் இருக்கிறார் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நடுத்தர வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நேராகச் செயலாளரிடம் போய் அதை மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு கொத்து உருளை இலை. வெந்நீர் பட்டதுபோலக் கறுத்த திட்டுகள், அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம். இலைக்கருகல், காற்றிலேயே பரவும் நோய் என்று பக்கத்தில் நின்றவர் என்னிடம் சொன்னார். அடுப்பை அணைத்தேன்.

"எங்க?" என்றார் செயலாளர்.

"ஓடைப் பக்கத்து வரிசையில."

கொட்டகையில் பாதிப் பேர் போனோடு வெளியே போனார்கள். செயலாளர் பக்கத்துத் தாலுகாக்களைக் கூப்பிட்டார், பிறகு கர்நாடகக் குழுவை. கடைசியாகப் பஞ்சாபில் விதை கொடுத்தவர்களை அழைத்து, அதே லாரி விதை வேறு யாருக்கெல்லாம் போனது என்று கேட்டார். ஓர் இலைக்காக எங்கெங்கோ மணி அடித்துக்கொண்டிருந்தது.

இலையைக் கொண்டுவந்தவர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணா, இது வெளிய தெரிஞ்சா உங்க கிழங்கை வாங்க யோசிப்பாங்களே. ஏன் நீங்களே கொண்டு வந்தீங்க?"

மராத்தியில் அக்காவை 'தாயி' என்பார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார். எங்கள் திருநெல்வேலிக் காதுக்கு அது அம்மாவைக் கூப்பிடுவதுபோல விழும்.

"தாயி, வர்ற வழியில ரெண்டு தடவை வண்டியைத் திருப்பினேன்" என்றார். "போன மழைக்கு என் பக்கத்துத் தோட்டக்காரர் மறைச்சிட்டார். காத்துல பரவி என் தோட்டமும் போச்சு. அவர் கெட்டவர் இல்ல, பயந்துட்டார். அதுக்கப்புறம்தான் குழுவுல பேசி முடிவு பண்ணோம். முதல்ல வந்து சொல்றவனுக்கு அடுத்த விதை பொதுவிலேருந்து. யாரும் அவன் கிழங்கைத் தள்ளி வைக்கக் கூடாது. அன்னைக்கு நானும் கை தூக்கினேன். இன்னைக்கு என் தோட்டத்துலன்னு வந்ததும்தான், கை தூக்கறது எவ்வளவு சுலபம்னு தெரிஞ்சுது."

கூட்டம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் அவர் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். பூசணம் மண்ணுக்குள் இறங்குமுன் செடிகளின் தலையை அறுத்துவிட்டால் கிழங்கையாவது காப்பாற்றலாம். நான் வரப்பில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் யாரிடமோ அரிவாள் வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கியிருந்தார். மராத்தி சரியாக வராது அவருக்கு. வேலைக்கு அது தேவைப்படவில்லை. பச்சைத் தோட்டம் கண் முன்னால் வெறும் மண் வரிசைகளாக மாறியது. அறுத்துப் போட்டதையெல்லாம் குவித்து ஒரு குழியில் போட்டு மூடினார்கள். இலை கொண்டுவந்தவர் மட்டும் அறுக்காமல் ஓர் ஓரமாக நின்றார். கடைசி வரிசைக்கு வந்ததும் அவரே குனிந்து அறுத்தார்.

பக்கத்து ஊர்களில் அன்றே மருந்தடித்துவிட்டதால் பெரும்பாலான தோட்டங்கள் தப்பின. அவருடையதில் கிழங்கு அழுகவில்லை, ஆனால் பருக்கவும் இல்லை. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியவை. தோண்டிய பிறகு செயலாளர் போன் செய்து, இதை யார் வாங்குவார்கள் என்று எங்களையே கேட்டார். "வறுவலுக்கு ஆவாது" என்றார் என் கணவர். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆனா மாட்டுங்கா மெஸ்ஸுல சின்னக் கெழங்கு ரோஸ்ட்டுக்கு அலையுதாவளே" என்றார். அப்படியே ஆயிற்று. தோலோடு வேகவைத்து மிளகாய்த்தூளில் புரட்டிய அந்தக் கிழங்கு, தட்டில் வைத்த கையோடு தீர்ந்து போனதாகச் சொன்னார்கள்.

எங்கள் பழுப்புக்கும் வழி கிடைத்தது. குளிரில் இருந்து வந்த மூட்டைகளை உடனே வறுக்காமல், பரணில் பரப்பிச் சில வாரம் வைத்திருக்கக் குழுவில் சொன்னார்கள். கதகதப்பில் சர்க்கரை குறையும். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் செம்பூர்க் கடைக்காரர் மறுபடி வாங்கிக்கொண்டார். அடுத்த பருவத்தில் வறுவலுக்கான கிழங்கை மிதமான குளிரில் தனியாக வைக்கக் குழுவினர் ஏற்பாடு செய்தார்கள்.

செயலாளர் என் நம்பரையும் அவர்களுடைய போன் குழுவில் சேர்த்துவிட்டார். மேகம், பனி, மருந்து என்று மராத்தியிலும் இந்தியிலும் செய்தி வந்துகொண்டே இருக்கும். போன வாரம் ஒரு கிழங்கை வெட்டினால் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு பொந்து. பூச்சியும் இல்லை, அழுகலும் இல்லை. படம் எடுத்துப் போட்டு, இது ஏன் என்று கேட்டேன். திடீரென்று அதிகத் தண்ணீர் என்றார் பஞ்சாப் விதைக்காரர். இடைவெளி விட்டு நட்டதால் என்றார் கர்நாடகத்திலிருந்து ஒருவர். உரத்தைச் சொன்னார் மூன்றாமவர். இலை கொண்டுவந்த மனிதர், "தாயி, இன்னும் ரெண்டு கிழங்கு வெட்டிப் படம் போடுங்க" என்று எழுதியிருந்தார்.

வெட்டிக்கொண்டிருக்கிறேன்.