வெறுங்கையோடு பாலத்தில்

பேத்தை மீனைக் காலால் மிதித்து வெடிக்க வைக்கிறவனைக் கண்டால் எனக்கு இரத்தம் தலைக்கு ஏறும். இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பதினைந்து வருசமாக அதே கல்லடிப் பழைய பாலத்தில் நின்று நானும் மிதித்திருக்கிறேன். மிதித்துவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

இந்த வருடம் நான் தூண்டிலைத் தொடவில்லை. மனைவி பிள்ளைத்தாச்சி. இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தங்கவில்லை, ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, மற்றது ஐந்தாம் மாதத்தில். இந்த முறை கிளினிக் கார்டு கைக்கு வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்தப் பிள்ளை பிறக்கிற மட்டும் தூண்டில் வேணாம். ஒரு உயிரிலயும் நீங்க கை வைக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் இது புதுச் சட்டம் இல்லை. பிள்ளைத்தாச்சியின் புருசன் உயிர் கொல்லக்கூடாது, பிரேதம் தூக்கக்கூடாது, பச்சை மரம் வெட்டக்கூடாது. நான் வேலை செய்கிற கந்தோரில் ஒருவர் அந்தப் பத்து மாதமும் முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பு முறிக்கவும் கூலிக்கு ஆள் பிடித்தார். நாங்கள் அவரைப் பகிடி பண்ணினோம். எனக்கு வந்தபோது பகிடி வரவில்லை. தடியைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன். தூண்டில் முள்ளும் தங்கூசி நூலும் கிடந்த பெட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தரவேண்டாம் என்றேன்.

ஆனால் கை கேட்கவேண்டுமே. நாலரைக்குக் கந்தோர் விட்டால் ஐந்து மணிக்குப் பாலம் என்று பழகின உடம்பு. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தால் கால் தானாக ஆடத் தொடங்கும். முற்றத்துக்குப் போவேன், உள்ளே வருவேன், ரீவியைப் போடுவேன், நிற்பாட்டுவேன். டொக்டர் படுக்கச் சொன்னதால் அவள் பாலர் பாடசாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்தாள். அவள் வயிற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடும். அதில் ஏதும் நடந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. ஒரு கிழமைதான் தாக்குப்பிடித்தேன். பிறகு, சும்மா காற்று வாங்கிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தூண்டில்தானே கூடாது, பாலம் கூடாது என்று யார் சொன்னது?

கையில் தடி இல்லாமல் போனால் அந்தப் பாலம் வேறு பாலம். தூண்டில் போடுகிறவன் மிதப்பைப் பார்ப்பான், வேறொன்றையும் பாரான். நான் அப்போதுதான் தரையைப் பார்த்தேன். கெளுத்தியைப் பிடித்தவன் அதன் செட்டை முள்ளை உடைக்காமல் நடைபாதையில் எறிந்துவிட்டுப் போவான், செருப்பு இல்லாமல் வருகிறவன் பாடு அவனுடைய பாடு. மீன் விழுங்கின தூண்டில் முள்ளைக் கழற்றப் பொறுமை இல்லாதவன் தொண்டையோடு சேர்த்து இழுப்பான். தங்கூசி சிக்கினால் வெட்டி அப்படியே தொங்கவிடுவான். விரல் நீளக் குஞ்சைத் தூக்கிப் பிடித்து ஐந்து பேர் மாறி மாறிப் படம் எடுப்பார்கள், அது வாயைத் திறந்து திறந்து மூடும். பாடும் மீன் ஊராராம் நாங்கள். வரவேற்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், வெட்கமே இல்லாமல்.

எல்லாவற்றிலும் கேவலம் பேத்தைக்குத்தான். தின்ன உதவாது, நஞ்சு. இரையையும் தின்று, பல்லால் தங்கூசியையும் வெட்டிவிடும். அந்தக் கோபத்துக்கு அதைச் சீமெந்தில் போட்டுத் தேய்ப்பார்கள். அது பயத்தில் ஊதும். ஊதி உருண்டையானதும் குதிக்காலால் ஒரு மிதி. டப் என்று சத்தம். அதற்கு ஒரு சிரிப்பு. மிதிக்காதவன் வெயிலில் விட்டுவிடுவான், அது அரை மணித்தியாலம் கிடந்து சாகும். பேத்தைக்குக் கண் மூடத் தெரியும் என்பது பதினைந்து வருசத்தில் எனக்குத் தெரியாது. வேறு மீன் ஒன்றும் மூடி நான் கண்டதில்லை. பேத்தை மெதுவாகச் சுருக்கி மூடும். முதல் நாள் அதைக் கண்டபோது நான் அதற்குப் பக்கத்திலேயே குந்திவிட்டேன்.

துவாயை நனைத்துக்கொண்டு போகத் தொடங்கினேன். பேத்தையைக் கண்டால் துவாயால் தூக்கி, கம்பி இடைவெளியால் வாவிக்குள் விடுவேன். விழுந்து, கொஞ்சம் தள்ளாடி, பிறகு சரேலென்று ஓடும். அது ஓடுகிறபோது, என் பிள்ளை வயிற்றில் இன்னும் ஒரு நாள் தங்கும் என்று மனம் சொல்லும். விசர்க்கதைதான், தெரியும். ஆனால் அந்த நாட்களில் எனக்கு வேறு பிடிமானம் இருக்கவில்லை. கோயிலில் நேர்த்தி வைக்கிறவர்கள் இல்லையா, அது போல ஒன்று. மிதிக்கக் கால் தூக்கினவர்களோடு சண்டையும் பிடித்தேன். நாலைந்து நாளில் எனக்குப் பேத்தை டாக்குத்தர் என்று பட்டம் கிடைத்தது. "டாக்குத்தர் வாறார், நோயாளியை எடுத்து வையுங்க" என்பார்கள். நான் முறைப்பேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

அந்தப் பட்டத்தை வைத்தவர் ஓட்டோ ஓடுகிற ஒரு அண்ணன். பாலத்தில் எனக்குப் பத்து வருசப் பழக்கம். ஓட்டோவைக் கரையில் விட்டுவிட்டு என் பக்கத்தில்தான் நின்று தூண்டில் போடுவார். போன வருடம் எனக்கு ஒரு கொடுவா பட்டது, என் இடுப்புயரம் வரும். அதை இழுத்துப் போட உதவினதும் அவர்தான், என் போனை வாங்கிப் படம் எடுத்ததும் அவர்தான். நல்ல மனுசன், ஆனால் பேத்தை என்றால் மிருகம். மிதிக்காமல் விடமாட்டார்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்து இரண்டு கிழமை. முந்தின பிள்ளை கலைந்துபோன மாதம் இதுதான் என்பதால் எனக்கு வீட்டில் ஒரு நிமிசம் இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட நேரத்தோடு பாலத்துக்குப் போனேன். குனிந்து மீன் தூக்குகிறபோது சட்டைப்பையில் இருந்து விழுந்துவிடும் என்று போனை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துப் பூட்டுவது வழக்கம். அன்றும் பூட்டினேன்.

அண்ணனுக்கு அடுத்தடுத்து மூன்று பேத்தை. இரண்டை நான் எடுத்து விட்டேன். மூன்றாவதை அவர் தரையில் தேய்த்து, ஊத வைத்து, காலைத் தூக்கினார். நான் போய்த் தோளைப் பிடித்தேன். தின்ன உதவாத உயிரைக் கொல்லுகிறது மனுசத்தனமா என்று கத்தினேன். வாய்க்கு வந்தது எல்லாம் வந்தது. பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"தம்பி, நீ எனக்கு மனுசத்தனம் படிப்பிக்காத. அண்டைக்கு உயிரோட கொடுவாயத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு அரை மணித்தியாலம் படம் எடுப்பிச்ச ஆள் ஆரு?"

அவரைத் தள்ளினேன். அவர் என்னைத் தள்ளினார். நான் பின்னுக்கு ஒரு அடி வைத்தேன், செருப்புக்குக் கீழே டப் என்றது.

யாரும் சிரிக்கவில்லை. நான் காலை எடுக்காமல் நின்றேன். எடுத்தால் பார்க்கவேண்டி வரும். மனைவி வயிற்றோடு இருக்கும்போது என் காலாலேயே ஒன்றைக் கொன்றுவிட்டேன் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. அண்ணன் "சரி சரி, வீட்ட போ தம்பி" என்றார். துவாயை அங்கேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினேன். சீற்றுக்குக் கீழே இருந்த போனை எடுக்கவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளையாரே, பிள்ளையாரே என்றுதான் வாயில் இருந்தது.

விறாந்தையில் அவள் வெளியே போகிற உடுப்போடு கதிரையில் இருந்தாள். மடியில் கிளினிக் கார்டு. முகம் வெளிறியிருந்தது. ஒரு மணித்தியாலமாக அடிவயிற்றில் குத்து, ஏழு தரம் போன் எடுத்தாளாம். பக்கத்து வீட்டு அக்கா ஓட்டோ பிடிக்க வீதிக்குப் போயிருந்தா. முதலில் கேட்கவேண்டியதைக் கேட்காமல், "நான் ஒரு பேத்தைய மிதிச்சிட்டன்" என்றேன். தெரியாமல் மிதித்தேன் என்றேன், இத்தனை நாளும் எத்தனையைக் காப்பாற்றினேன் தெரியுமா என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அவள் மடியில் கிடந்த கார்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பாலத்துக்குப் போறது எனக்குத் தெரியும். துவாய் தோய்க்கிறது நான்தானே. நான் என்ன, மீனுக்காகவா சொன்னன்?"

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு அந்த அஞ்சு மாசப் பிள்ளை போகக்குள்ள நான் குளியலறையில தனியக் கிடந்தன். உங்களுக்கு போன் எடுத்தன், இப்ப வாறன் எண்டீங்க. திரும்ப எடுத்தன், நீங்க தூக்கல்ல. பொறகு ஒரு பெரிய மீனத் தூக்கிட்டு வந்தீங்க. வீட்ட இரிங்க எண்டு சொன்னா நீங்க இருக்கமாட்டீங்க. மீன்ல கை வைக்காதீங்க எண்டு சொன்னாலாவது இருப்பீங்க எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப் போய்ச் சொன்னாள். அதற்குள் ஓட்டோ வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் அவளை மறித்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு நாள் வார்ட்டில் வைத்துப் பார்ப்போம் என்று சொன்னார்கள். பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சீற்றுக்குக் கீழே கிடந்த போனை எடுத்துக்கொண்டு வந்து கேற்றடியில் நின்றேன். இருக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அங்கே வைத்துத்தான் அந்தக் கொடுவாப் படங்களைத் திறந்தேன். பதினொரு படம். எல்லாவற்றிலும் நான் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறேன். முதல் படத்தில் மீன் வாலை வளைத்திருக்கிறது, கடைசிப் படத்தில் தொங்குகிறது.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் என்ன நடந்தது என்று நினைவு வந்தது. அண்ணனின் கையில் இருந்தபோதே போன் அடித்தது. "வீட்ட இருந்து தங்கச்சி எடுக்கிறா போல" என்று நீட்டினார். "அது அடிக்கட்டும், நீங்க படத்த எடுங்க அண்ணன், மீன் உயிரோட இருக்கக்குள்ள எடுங்க" என்று நான் சொன்னேன்.

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். மற்றவனுக்கு மனுசத்தனம் படிப்பித்த வாய்.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், இப்போது வயிற்றுப் பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. நான் பாலத்துக்குப் போவதில்லை. அங்கே பேத்தைகளின் பாடு என்னவென்று தெரியாது. அண்ணன் ஒரு நாள் என் துவாயைத் தோய்த்து மடித்துக்கொண்டு வந்து தந்துவிட்டு, தங்கச்சிக்கு எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார். திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து மணியானால் கால் இன்னும் ஆடுகிறது. வாசலுக்குப் போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மோட்டார் சைக்கிள் திறப்பு கையில் இருக்கும், எப்போது எடுத்தேன் என்று தெரியாது. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்து அறைக்கு வெளியே கதிரையைப் போட்டு இருப்பேன்.

நேற்றும் அப்படித்தான். தூங்குகிறாள் என்று நினைத்தேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"இரிக்கீங்களா?"

ஆடிக்கொண்டிருந்த முழங்காலைக் கையால் அமத்திப் பிடித்தேன்.

"ஓம். இரிக்கன்."

பிறகு அதையே திரும்பவும் கேட்டாள்.