டாட்டா அத்தை எடுத்த வீடியோ

என் அண்ணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டாட்டா அத்தை. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் கேட்டருகே நின்று ஒவ்வொன்றுக்கும் கையாட்டி அனுப்புவாள். கஞ்சி காய்ச்சுவது, கால் கழுவிவிடுவது, ஈரத்துணி அலசுவது எல்லாம் நாத்தனாரான என் தலையில். அண்ணன் போனபிறகு எங்கள் இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கதவும் கேமராவுமாகப் பெரிய காப்பகம் ஒன்று வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்ச் சேர்ந்தன. அண்ணி சும்மா இருப்பாளா? இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். தூங்குகிற பிள்ளை, கஞ்சி பூசிய வாய் என்று எதைப் போட்டாலும் நாலு பேர்தான் பார்த்தார்கள். அதில் ஒருத்தி நான்.

பிறகுதான் அந்த வீடியோ. எங்கள் வீட்டில் அடையாள அட்டை, கையெழுத்து எதுவும் கிடையாது. பிள்ளை யாரைப் பார்த்து ஓடுகிறதோ அவரிடம் விடுவாள். அதைத்தான் பெருமையாகப் பேசினாள்: "மத்த இடத்துல கார்டு பாப்பாங்க. நாங்க பிள்ளையோட காலப் பாப்போம்." படம் பிடித்தது, வாண்டு என்று நாங்கள் கூப்பிடும் பையன் ஓடுவதை. நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை வீசிக்கொண்டு அவன் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அவன் அம்மா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். சேர்க்கும்போதே சொல்லியிருந்தாள்: "இவன் போட்டோ மட்டும் எங்கயும் போடாதீங்கக்கா. நான் மட்டும்தான் வந்து கூட்டிட்டுப் போவேன்." ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அண்ணி வாண்டுவின் முகத்தின்மேல் மஞ்சள் பூ ஒன்றை ஒட்டிவிட்டாள்.

"வீடியோவுல பின்னாடி நம்ம வீட்டு போர்டு கோணலாத் தெரியுது அண்ணி."

"தெரியுதில்ல? அது போதும்டி."

ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். முன்னறையில் பாய் விரிக்க இடமில்லை. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் வாண்டுவின் அம்மா வருவதற்குச் சற்று முன், சலவைச் சட்டை போட்ட ஒருவன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். "அப்பா!" என்று சிரித்துக் கத்திக்கொண்டு வாண்டு கால்சட்டையைப் பிடித்தபடி ஓடினான். அந்த ஆள் மண்டி போட்டு அவனை அள்ளிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வேறு. அண்ணி ஃபோனை எடுத்து எல்லாவற்றையும் பிடித்தாள். எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்துதான் போனது, பொய் சொல்வானேன்.

"அவங்கம்மாதான் வருவேன்னாங்களே?" என்று அண்ணி ஒப்புக்குக் கேட்டாள்.

"அவளுக்குக் கடையில வேலை அதிகம். உங்க வீடியோ பாத்தேங்க. பிள்ளை ஓடி வந்தா போதும்னு சொன்னீங்களே!"

சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் அண்ணி கவிழ்ந்தாள். டாட்டா காட்டி அனுப்பி வைத்தாள்.

அம்மாக்காரி வந்தபோது அண்ணி முகமெல்லாம் பல்லாக, "அவங்கப்பா வந்தாரும்மா. எப்படி ஓடினான் தெரியுமா!" என்றாள்.

அவள் கேட்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தாளு அடி தாங்காமதானேக்கா பிள்ளையத் தூக்கிட்டு ஊர்விட்டு ஊர் வந்தேன். மூஞ்சிய மறைச்சீங்க. அவன் ஓடுறத எதால மறைச்சீங்க?"

பாவி, இதை அன்றே வாய்திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது. அண்ணியை அறைந்தால் என்ன என்றும் இருந்தது. அண்ணி கேட் கம்பியை விடவில்லை.

போலீஸ் வந்தது, போனது. அந்த ஆளின் வீடு பூட்டிக் கிடந்ததாம். வாண்டு எங்கே என்று இன்றுவரை தெரியாது. விஷயம் பரவியதும் மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டன. முன்னறையில் பாய்கள் சுருட்டியபடி நிற்கின்றன. அண்ணி தட்டில் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

நேற்று அவள் வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வாண்டுவின் அம்மா. மகனை அழைக்க வரும் நேரத்துக்கு அவள் இன்னும் தினமும் வருகிறாள். ஃபோனைப் பார்த்ததும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எடுத்தத மட்டும் அழிச்சிராதீங்கக்கா."

"அது நீ பாக்கற மாதிரியாம்மா இருக்கு?"

"போலீஸ்ல போட்டுக் காட்டினப்பவே பாத்துட்டேன். அவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா."

அண்ணி ஃபோனை அவள் கையில் கொடுத்தாள். வாண்டு கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முடிந்ததும் அவள் திரையைத் தொட்டாள். அவன் மறுபடியும் ஓடினான்.