பின்பக்கத்துப் பெயர்

மாலை நாலு இருபது. ஓவியர் அம்மா பரிசாகக் கொடுத்த படத்தை மாட்ட ஆணி அடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மகள் அழைத்தாள். "அம்மா, மழ புடிச்சுக்கிச்சு. ஒரு தறிக்கூடத்துல ஒதுங்கியிருக்கோம். சார்ஜ் வேற இல்ல..." பேச்சு அறுந்தது. மறுபடி எத்தனை முறை அழைத்தும் போகவில்லை.

ஓவியர் அம்மா இஸ்தான்புல்லில் வாழ்பவர். துருக்கி நாட்டுக் குடிமகள். ஆனால் ஆர்மீனியர், அங்கே சிறுபான்மை. எழுபதைத் தாண்டியவர். நான் வேலை செய்யும் கல்லூரிக்கு ஒரு மாத விருந்தினராக வந்து, ராசிபுரத்தில் எங்கள் மாடியில் தங்கியிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அவர் வரைந்தது கதவுகளை மட்டும்தான். எல்லாமே உள்ளே நின்று பார்த்த கதவுகள்: தாழ்ப்பாள், சங்கிலி, முட்டுக்கொடுத்த நாற்காலி. பழைய தாழ்ப்பாள்களைத் தேடி வெண்ணந்தூர்ப் பக்கம் போக வேண்டும் என்றார். வழிகாட்டப் பதினாறு வயது மகளை நான்தான் அனுப்பினேன்.

நான் போனில் சொன்னதும் கிளம்பி, ஐந்தரைக்கு அண்ணன் பிக்கப் வண்டியில் நான்கு ஆட்களோடு வந்து நின்றான். "ஊரு பேரு தெரியாத ஒருத்திய நம்பிப் புள்ளய உட்டுட்டியே, நீயெல்லாம் படிச்சவளா?" என்றான். அவன் சொன்னதைவிட மோசமானதை அந்த ஒரு மணி நேரத்தில் நானே நினைத்து முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, தறிகள் ஓடாத நாள். பூட்டியும் பூட்டாமலும் எத்தனை கூடங்கள்! "ஒண்ணு உடாமத் தட்டுங்கண்ணா. அவ பேரச் சொல்லிச் சத்தமாக் கூப்புடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் உட்கார முடியவில்லை. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். நீலக் கதவு, கனத்த தாழ்ப்பாள். பின்பக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவர் பெயர். முன்னால் ஏன் எழுதுவதில்லை என்று ஒருநாள் கேட்டிருந்தேன். "முன்னால் எழுதினால் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள்" என்றார். தெருவில் இறங்கியதும் அம்மாவைத் தங்கள் மொழியில் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்களாம். ஆறு வயதில் ஒரு மாலை ஆட்கள் கூட்டமாக வந்து, கடப்பாரையால் கதவுகளை இடித்து, இன்னார் வீடு எது என்று பெயர் சொல்லித் தேடினார்களாம். அவருடைய அம்மா அவர் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தாராம். காப்பி குடித்தபடி ஏதோ பழங்கதை போல இதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டதோடு சரி.

ஏழே காலுக்கு அண்ணன் அழைத்தான். "எல்லாத்தையும் தட்டிப் பாத்தாச்சு புள்ள. ஒரு கூடம் உள்ளாற தாழ் போட்டிருந்துச்சு. ஜாக்கி ராடால ஷட்டர அடிச்சு அடிச்சுக் கூப்புட்டோம். ஒரு சத்தமும் இல்ல. ஊட்டுக்கு வாரேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போயிரலாம்." ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் மகளின் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன்.

அவன் வண்டி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் வாசலில் ஓர் ஆட்டோ வந்தது. முதலில் இறங்கியது நான் பார்த்தறியாத பெண். அந்தக் கூடத்தில் தறி ஓட்டுபவள், பின்னாலேயே குடியிருப்பவள். "பயப்படாதீங்க டீச்சர், பாப்பா நல்லாருக்குது. இவிங்க போட்ட சத்தத்துக்கு நானே கதவச் சாத்திக்கிட்டேன், போங்க! வண்டி போனப்பறம் பொறத்தால கதவுகிட்ட பாப்பா செருப்பப் பாத்துட்டுத்தான் உள்ள போனேன். பாத்தா, ரெண்டு பேரும் பாவு நூலு சுத்துன கட்டைக்குப் பொறத்தால உக்காந்திருக்காங்க."

மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அடிக்கவும் செய்தேன். மாமா கூப்பிட்டது கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டுச்சும்மா. மாமா கொரல் தெரியாதா எனக்கு? அவங்க என் வாயப் பொத்திக்கிட்டு நடுங்கறாங்க. கையத் தள்ளிட்டுக் கத்தியிருக்கலாம். கத்துனா அந்தம்மாவுக்கு உசுரே போயிருமோன்னு இருந்துச்சு."

படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. யாராவது பலமாகக் கதவைத் தட்டினால் இப்போது முதலில் திடுக்கிடுவது நான்தான். மகளைத் தெருவிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். உள்ளே போய்த் தோளைத் தொட்டு அழைக்கிறேன்.

அன்று ஆட்டோவிலிருந்து கடைசியாக இறங்கியவர் ஓவியர் அம்மா. அண்ணனையும் ஆட்களையும் கண்டதும் கேட்டைத் தாண்டி வராமல் நின்றுவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்தேன், ஈரமாக, சில்லென்றிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். என் காதருகே குனிந்து, எனக்கு எச்சரிக்கை சொல்பவர் போல ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்:

"அவர்களுக்கு இவள் பெயர் தெரிந்திருக்கிறது."