அழுத்தத்தைக் கூட்டியது யார்

தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் தகடு. அதற்குள் மயிரிழை போல ஒரு வாய்க்கால். இரண்டு பம்புகள் இரண்டு திரவங்களை அதற்குள் தள்ளும். அவை கூடி, ஒரு நொடி வினைபுரிந்து, வெளியே வந்துவிடும். குடுவையில் செய்தால் வினை நாம் கேட்ட இடத்தில் நிற்காது. தாண்டிப்போய் வேண்டாததையெல்லாம் ஆக்கிவைக்கும். இதில் வேண்டிய பொருளோடு நின்றுகொள்ளும். பாலக்காட்டில் என் முனைவர் பட்ட ஆய்வே இந்தத் தகட்டை நம்பித்தான் ஓடுகிறது.

போன மாதம், வீட்டாரைக் கூட்டிவந்து ஆய்வகத்தைக் காட்டலாம் என்றார்கள். எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து அப்பா வெளுத்த வேட்டியில் வந்தார். "நம்ம தோப்புச் சொட்டுநீர் மாதிரித்தானுங்கப்பா" என்று பெருமை பீற்றிக்கொண்டே ஓட்டிக் காட்டினேன். சொல்லி வாய் மூடவில்லை, உப்பு படிந்து வாய்க்கால் அடைத்துக்கொண்டது.

பம்பை நிறுத்திவிட்டுக் கழுவ வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் தோப்பில் குழாய் அடைத்தால் மோட்டாரைக் கூட்டிவைத்து அடைப்பைத் தள்ளிப் பழகிய கை. அப்பா பார்க்கிறாரே என்ற அவசரம் வேறு. பம்பின் அழுத்தத்தைக் கூட்டிவிட்டேன். 'டிக்' என்று தகடு விரிசல் விட்டது.

வழிகாட்டிப் பேராசிரியர் ஓடிவந்தார். "ஆரா ப்ரஷர் கூட்டான் பறஞ்ஞது?" அழுத்தத்தைக் கூட்டச் சொன்னது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா கைகூப்பிவிட்டார். "நாந்தானுங்க சொன்னேன். தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. புள்ளயக் கோவிச்சுக்காதீங்க."

அப்பா அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. பேராசிரியர் முகம் இளகியது. இல்லை, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தலையைக் குனிந்துகொண்டேன்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார், "அந்தக் கண்ணாடி வேற கெடைக்குமா கண்ணு?"

"கெடைக்குமுங்கப்பா."

அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுத் தகடு வந்துவிட்டது. இப்போது நான் பம்பைத் தொட்டாலே போதும், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாச்சா?" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். தென்னைக்குத் தண்ணி விடுகிறவருக்கு வேதியியல் எதற்கு என்கிறார் ஒருவர். கேட்டுக்கொண்டு நானும் சிரிக்கிறேன். எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது, ஆனாலும் சிரிக்கிறேன்.

நேற்று அப்பா போனில் கேட்டார், "உங்க சாருக்கு எம்மேல இன்னும் கோவமா கண்ணு?"

"அதெல்லாம் இல்லீங்கப்பா. இங்க எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசிக்கறாங்க."

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.