வராத ‘கூடாது’

இரண்டு நாள் வேலைதான் அது. செய்து முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. மீதி நாளெல்லாம் பயந்துகொண்டிருந்தேன்.

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்காக ஒரு சின்ன இணையதளம் வைத்திருந்தேன். டாக்டர் சீட்டைப் போனில் படமெடுத்துப் போட்டால், அதில் இங்கிலீஷில் இருப்பதை ஏஐ தமிழில் சொல்லும். இலவசச் சேவை என்பதால் ஒரு நாளைக்கு இத்தனை சொற்கள்தான் என்று அளவு உண்டு. அளவு தீர்ந்தால் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று இருந்தேன். எந்த இடத்தில் நிற்கும் என்று யோசிக்கவில்லை, மடச்சி.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிரஷர் மாத்திரையோடு இருமலுக்கும் புதிதாக ஒன்று எழுதியிருந்தார்கள். பெரியம்மா சீட்டைப் படமெடுத்துப் போட்டார். ‘இந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிட’ என்று பதில் வந்தது. அதோடு அன்றைய அளவு தீர்ந்துவிட்டது. ‘கூடாது’ வரவில்லை. இங்கிலீஷில் என்றால் வேண்டாம் என்பது முன்னாலேயே வந்திருக்கும். நமக்கு அது கடைசியில்தான் வரும். சாப்பிடத்தான் சொல்கிறது என்று பெரியம்மா இரண்டையும் கொடுத்துவிட்டார். பெரியப்பா தலைசுற்றிப் பாத்ரூமில் விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் விஷயம் தெரிந்தது. உடனே போனிலேயே அந்த வசதியை அணைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் அழுதேன். அவர் திட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே கேட்டார். “இன்னாடி, அந்தப் பொட்டிய எப்ப தெறக்கப் போற? சீட்டு படிக்கச் சொல்லி ஊர்ல கீறவங்க வாசல்ல எல்லாம் நின்னுக்கினு கீறேன்.”

பயந்துகொண்டேதான் வேலையைத் தொடங்கினேன்.

பதில் வர வர எழுத்தெழுத்தாகக் காட்டுவதை நிறுத்தினேன். முழுதும் வந்து முடிந்த பிறகுதான் திரைக்குப் போக வேண்டும். பாதியில் நின்றால் ஒரு சொல்லும் தெரியக்கூடாது, எச்சரிக்கை மட்டும் வர வேண்டும். அளவை வேண்டுமென்றே பத்துச் சொல்லாகக் குறைத்து, அதே சீட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டினேன். நூறு தடவை சரியாக வந்து, நூற்றியோராவது தடவை யாராவது செத்துப்போனால்?

ஒரு ஞாயிறு காலை, பெரியம்மா போனில் மட்டும் திறந்துவிட்டேன். அளவை அப்படியே குறைவாக வைத்திருந்தேன். பாதியில் நின்றால் அவர் என்ன புரிந்துகொள்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். பெரியப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தையல் பிரித்த தழும்பைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பெரியம்மா சீட்டைப் போட்டுவிட்டு, வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பதில் முழுதாக வரவில்லை. மாத்திரை கொடுக்காதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.”

படித்து முடித்துப் போனை மடியில் வைத்தார்.

“புரியுதா பெரிம்மா?”

“புரியுது. எல்லார்க்கும் தெறந்துடு” என்றார். பிறகு, கோபமே இல்லாமல், “இத அன்னிக்கே சொல்லியிருந்தா இவரு வுழுந்திருக்க மாட்டாரு” என்றார்.